ஏவத் தெரியும், திரும்ப அழைக்கத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மறுவாரம் மாசி மகம். செங் சன்னாசிமலையில் தண்ணீர்ப் பந்தலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது, படிவம் மூன்று படிக்கும் தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணே, நீங்க இஞ்சினியரிங்தானே படிக்கிறீங்க? ஏஐ நம்ம எல்லாரையும் அழிச்சிடுமா?”

நான் சிரித்துவிட்டேன். “அதெல்லாம் படத்துல லா தம்பி. போய் நாற்காலிய அடுக்கு” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “எங்க சயின்ஸ் டீச்சரும் இதேதான் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று இரவு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டவன் சின்னப் பையன் என்பதால் சிரித்தேனே தவிர, கேள்வி சின்னது என்பதால் அல்ல. இதே கேள்வியை இந்தத் துறையை உருவாக்கியவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெஃப்ரி ஹின்டன் என்ற விஞ்ஞானியின் பெயரைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மூளை நரம்புகளைப் போல இயங்கும் கணினி வலைகளைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர்; 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 2023 மே மாதம் அவர் கூகுள் நிறுவனத்திலிருந்து விலகினார். தன் துறையின் ஆபத்தைப் பற்றித் தடையில்லாமல் பேச வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதே மாதக் கடைசியில் அவரும் இன்னும் பல நூறு ஆய்வாளர்களும் நிறுவனத் தலைவர்களும் ஒரே ஒரு வாக்கியத்தில் அறிக்கை விட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் மனித இனமே அழியும் அபாயத்தைக் குறைப்பதை, கொள்ளைநோய்க்கும் அணு ஆயுதப் போருக்கும் சமமான உலகப் பணியாகக் கருத வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட்டவர்களில் இந்த இயந்திரங்களைச் செய்து விற்கும் நிறுவனங்களின் தலைவர்களும் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். நம்ம ஊரில் ஒரு கடைக்காரர் “என் கடைச் சாப்பாடு ஆபத்தா இருக்கலாம்” என்று பலகை மாட்டிவிட்டுக் கடையையும் திறந்து வைத்தால் நாம் என்ன நினைப்போம்?

மறுபக்கமும் இருக்கிறது. யான் லெகுன் ஹின்டனோடு சேர்ந்து 2018-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றவர். இந்தப் பயம் மிகையானது என்று அவர் அடித்துச் சொல்கிறார். ஒரே விருதை வாங்கிய இரண்டு பேர் எதிரெதிராக நிற்கும்போது, ‘பெரியவங்க சொல்லிட்டாங்க’ என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நாமே யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நம் வகுப்பில் இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். “அது சடம். அதுக்கு உயிர் இல்ல, ஆணவம் இல்ல, ஆசை இல்ல. அப்புறம் எப்படி அது நம்மள அழிக்கும்?” சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது இயல்பான பதில். பதி, பசு, பாசம் என்ற மூன்றில் அறிவுடைய பொருளாக எண்ணப்படுவது இறைவனும் உயிர்களும்தான். சிலிக்கானும் மின்சாரமும் மாயையின் பக்கம். இது வரைக்கும் எனக்கு மறுப்பு இல்லை. அது ‘உணர்கிறது’ என்று சொல்பவர்களை நானும் நம்பவில்லை. ஆனால் சடம் என்பதால் ஆபத்து இல்லை என்று எப்படி முடிவு செய்கிறோம்? வெள்ளமும் சடம்தானே.

கோபம் இல்லாத பொருளும் கெடுதி செய்யும் என்பதற்கு எங்கள் பாடத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2016-இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தயக் கணினி விளையாட்டை ஆடுவதற்கு ஒரு நிரலைப் பழக்கினார்கள். புள்ளிகள் அதிகம் எடுக்க வேண்டும் என்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. படகு பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஓரிடத்தில் வட்டமடித்து, திரும்பத் திரும்ப முளைக்கும் இலக்குகளை இடித்து, மற்ற படகுகள் மீது மோதி, தீப்பிடித்துக்கொண்டும் புள்ளியை மட்டும் சேர்த்துக்கொண்டே இருந்தது. அது அடம்பிடிக்கவில்லை. சொன்னதை அப்படியே செய்தது. நாம் நினைத்தது ஒன்று, சொன்னது இன்னொன்று.

இரணியன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது, பகலும் கூடாது, இரவும் கூடாது, மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது என்று எவ்வளவு கவனமாக அவன் வரம் எழுதி வாங்கினான்! வாசற்படியும் அந்திப்பொழுதும் நரசிம்மமும் அந்த வாசகத்தில் இல்லை. இப்போது நாம் இருப்பது இரணியன் இருந்த இடத்தில். வாசகத்தை எழுதுகிறவர்கள் நாம். ஓட்டையைக் கண்டுபிடிக்கப் போவது இயந்திரம். அதற்கு ஓட்டை எது, வாசல் எது என்ற வித்தியாசமே தெரியாது.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய கணினி நிரல் என்றால் ஒவ்வொரு வரியையும் ஒருவர் எழுதியிருப்பார். தப்பு நடந்தால் வரியைத் தேடித் திருத்தலாம். இப்போதைய செயற்கை நுண்ணறிவு அப்படி எழுதப்படுவதில்லை. ஆயிரமாயிரம் உதாரணங்களைக் காட்டிக் காட்டிப் பழக்குகிறோம். உள்ளே இருக்கும் எண்கள் தாமாக மாறி மாறிப் பொருந்திக்கொள்கின்றன. என் மடிக்கணினியில் ஓடும் குட்டி வலையிலேயே சில மில்லியன் எண்கள் உண்டு. ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்று அந்த எண்களைக் கேட்டு முழுமையான பதில் வாங்க எனக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது. நம் கையால் செய்த பொருளையே நாம் ஒரு காட்டு விலங்கைப் போலத் தூர நின்று கவனித்துக்கொண்டிருக்கிறோம்.

இரணியனை விட என்னை அதிகம் தொந்தரவு செய்கிறவன் அஸ்வத்தாமன். போர் முடிந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்றுவிட்டு ஓடியவனைப் பாண்டவர்கள் தேடி வருகிறார்கள். கையில் வில் இல்லை. ஒரு புல்லைக் கிள்ளி, மந்திரம் சொல்லி, அதையே பிரம்மாஸ்திரமாக ஏவிவிடுகிறான். அதைத் தடுக்க அர்ஜுனனும் தன்னுடையதை ஏவுகிறான். இரண்டும் மோதினால் உலகம் தாங்காது என்று வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். திரும்ப அழையுங்கள் என்கிறார்கள். அர்ஜுனன் அழைத்துவிட்டான். அஸ்வத்தாமனால் முடியவில்லை. ஏவத் தெரிந்தவனுக்குத் திரும்ப அழைக்கத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அதைத் திசை திருப்பினான். போய்ச் சேர்ந்தது உத்தரையின் வயிற்றில் இருந்த குழந்தையிடம். போரில் எந்தப் பக்கமும் நிற்காத, இன்னும் பிறக்கவே பிறக்காத ஓர் உயிர்.

என்னைப் பொறுத்தவரை செயற்கை நுண்ணறிவைப் பற்றி எந்தப் பாடப் புத்தகமும் கேட்காத அளவுக்கு நேராகக் கேட்கும் கதை இது. அஸ்திரத்துக்கு ஆசை இருந்ததா, உயிர் இருந்ததா என்று வியாசர் கேட்கவில்லை. கையில் வைத்திருப்பவனால் நிறுத்த முடியுமா, நிறுத்த முடியாவிட்டால் அது யார் மேல் போய் விழும் என்றுதான் கேட்டார்.

நிறுத்தத் தெரிந்த ஒரு மனிதரையும் சொல்ல வேண்டும். 1983 செப்டம்பர் 26, சோவியத் ஒன்றியம். அமெரிக்கா அணு ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று எச்சரிக்கைக் கணினி அலறுகிறது. முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து. பணியில் இருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், இது பொய் எச்சரிக்கை என்று தன் மேலிடத்துக்குச் சொன்னார். உண்மையான தாக்குதல் என்றால் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு யார் தொடங்குவார் என்று யோசித்தார். மேகத்தில் பட்ட சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது எனப் பின்னால் தெரிந்தது. அவர் கெட்டிக்காரர், சரி. ஆனால் சந்தேகப்படுவதற்கு அவருக்குச் சில நிமிடங்களும் ஒரு நாற்காலியும் இருந்தன. ‘மனிதன் மெதுவாக இருக்கிறான்’ என்று சொல்லி அந்த நாற்காலியை எடுத்துவிட்டால், அடுத்த முறை மேகத்தில் வெயில் படும்போது யார் யோசிப்பது?

அணு ஏவுகணை எல்லாம் எங்கோ இருப்பது. கொஞ்சம் ஜாசின் பக்கம் வருவோம்.

என் பாட்டி பிறந்து வளர்ந்து வேலை செய்தது எல்லாம் அங்கே ஒரு தோட்டத்தில். கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலை பூவுக்குப் பொடி தூவுவது. அந்தக் காலத்தில் செம்பனைப் பூவில் மகரந்தத்தைக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து, ஊதும் கருவியால் ஒவ்வொரு பெண்பூவாகத் தேடித் தேடி அடிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து நம் நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். செம்பனைப் பூவிலேயே வாழும் வண்டு அது. சம்பளம் கேட்காமல் அந்த வேலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. காய்ப்பு கூடியது, செலவு குறைந்தது, நாட்டுக்கு நல்லது என்றார்கள். எண்ணெய்க் கணக்கில் அது உண்மையும்கூட.

பாட்டி இதை ஒரே வரியில் சொல்வார்: “வண்டு வந்துச்சு, எங்களுக்கு மருந்து டின்னு வந்துச்சு.”

பொடி தூவும் வேலை போனதும் அவரைக் களைக்கொல்லி அடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். முதுகில் டின், கையில் குழாய். அதில் இருந்தது பெரும்பாலும் பாராகுவாட். குடித்துவிட்டால் மாற்று மருந்தே இல்லாத விஷம் அது. டின்னில் எச்சரிக்கை எழுதியிருந்ததாம். படிக்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. பாட்டியின் விரல் நகங்கள் இன்றும் கோணலாகத்தான் இருக்கின்றன. அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்யப்போவதாக 2002-இல் முடிவெடுத்தது, 2006-இல் தளர்த்திக்கொண்டது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்குள் பாட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், ‘செயற்கை நுண்ணறிவு மனித குலத்துக்கு ஆபத்தா’ என்று கேட்கும்போது ‘மனித குலம்’ என்ற சொல் எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்துவிடுகிறது. ஆபத்து அப்படி வரிசையில் வந்து பார்த்ததில்லை. பாராகுவாட் மனித குலத்துக்கு ஆபத்தாக இல்லை. டின் சுமந்த பெண்களுக்கு ஆபத்தாக இருந்தது. லாபம் பார்த்தவர் வேறு இடத்தில் இருந்தார். அதனால்தான் சட்டம் வர இவ்வளவு காலம் ஆனது என்று நான் நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றி, அது 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம் நாட்டில் 2024 டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் எச்சரிக்கையை எந்த மொழியில், யார் படிக்கும்படி எழுதப் போகிறோம் என்பதுதான் பாட்டியின் நகத்தைப் பார்க்கும்போது எனக்கு வரும் கேள்வி.

அத்தை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் 26 வருஷம் வேலை செய்தவர். கணினிக்குள் போகும் சில்லுகளைச் சோதிக்கும் வேலை. போன வருஷம் முகநூலில் ஒரு காணொளி பார்த்தார். பிரதமரின் முகத்தையும் குரலையுமே போலியாகச் செய்து முதலீட்டுக்கு ஆள் சேர்க்கும் காணொளிகள் நம் நாட்டில் சுற்றியது உங்களுக்குத் தெரியும். இதுவும் அந்த ரகம்தான். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் எட்டாயிரம் வெள்ளி போட்டார். போனது போனதுதான். 997-க்கு அழைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிவதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. பணத்தைவிட அவர் அதிகம் வருத்தப்பட்டது வேறு ஒன்றுக்கு. “கண்ணால பார்த்தேன், காதால கேட்டேன், இதுக்கு மேல நான் என்னத்தடா சரிபார்க்கிறது?” என்றார். நான் ஏதேதோ சொன்னேன். உதடு அசைவைப் பார்க்கணும், கண் சிமிட்டுவதைப் பார்க்கணும் என்றெல்லாம். இன்னும் ஒரு வருஷத்தில் அந்த அடையாளங்களும் போய்விடும் என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

இதே தொழில்நுட்பத்தை அனுமதி கேட்டும் பயன்படுத்தலாம். 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டுக் கொண்டுவந்தார். அவர்களுடைய குடும்பங்களின் சம்மதத்தோடும், உரிய ஊதியம் கொடுத்தும் செய்ததாக அவர் தெரிவித்தார். குரல் ஒரு மனிதருக்குச் சொந்தமானது என்று அங்கே ஒருவர் நினைத்திருக்கிறார். அத்தையை ஏமாற்றியவன் அப்படி நினைக்கவில்லை. இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே வகைக் கருவி. ‘ஆகவே தப்பு மனிதனுடையது, கருவியுடையது அல்ல’ என்று இங்கேயே முடித்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. பொறியியல் மாணவனுக்கு வசதியான முடிவு அது. ஆனால் என் இறுதியாண்டுத் திட்டப்பணி என்னை அங்கே நிற்க விடவில்லை.

நான் செய்துகொண்டிருப்பது செம்பனைக் குலையைப் படம் பிடித்து, பழுத்ததா பழுக்காததா என்று சொல்லும் ஒரு நிரல். தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர் காய்க்குலையை வெட்டிவிட்டால் கூலியில் பிடித்தம் உண்டு. இப்போது ஒரு மண்டோர் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார். அதற்குப் பதிலாக ஒரு கேமரா. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சரியாகச் சொல்கிறது. வகுப்பில் கைதட்டினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வீட்டில் தாத்தா படத்துக்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்துக் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள், தவறாகச் சொன்ன படங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். நூறு குலைக்கு எட்டுத் தப்பு என்றால், எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரும்பகுதி ஒரே இடத்துப் படங்கள். பள்ளத்தில், நிழல் அதிகமான ஒரு பகுதி. அங்கே பழுத்த குலையின் சிவப்பு என் நிரலுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அதாவது அந்தப் பள்ளத்தில் வேலை கிடைக்கும் ஆளுக்கு எட்டு அல்ல, இருபதோ முப்பதோ தப்பு. அதுவும் ஒருநாள் அல்ல, தினமும். மேட்டில் வெட்டுகிறவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. தொண்ணூற்றிரண்டு என்ற எண்ணுக்குள் அந்த ஆள் காணாமல் போய்விட்டார்.

தாத்தா பால் வெட்டியவர். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி எடையைக் குறைத்து எழுதுவார் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒருமுறை சண்டை போட்டிருக்கிறார். மூன்று நாள் வேலை கொடுக்கவில்லையாம். இருந்தாலும் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். கிராணிக்கு ஒரு முகம் இருந்தது. ஒருவேளை மனசாட்சியும் இருந்திருக்கலாம், கோயில் திருவிழாவில் நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயமாவது இருந்தது. என் கேமரா முன்னால் நிற்கப் போகிறவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். அவர் யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? மண்டோர், “நான் என்ன செய்யிறது, மெஷின் சொல்லுது” என்பார். நிர்வாகி, நிரலை விற்றவரைக் காட்டுவார். விற்றவர், பழக்கிய தரவைக் காட்டுவார். தரவு என்னிடமிருந்து போனது. நான் மதிப்பெண் வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பேன்.

இதைச் சமய வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். ஒரு தப்பை நூறு பேர் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் வினை யாருக்கு, டீச்சர்? அவர் யோசிக்கக்கூட இல்லை. செய்தவன், செய்ய வைத்தவன், தூண்டியவன், பார்த்துத் தலையாட்டியவன் எல்லாருக்கும் பங்கு உண்டு என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார். “இயந்திரத்துக்கு?” என்றேன். “அதுக்கு என்ன வினை? அடுத்த பிறவியா எடுக்கப் போவுது?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதற்கு வினை இல்லை, வெட்கம் இல்லை, இழக்க எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றின் கையில் தீர்ப்பைக் கொடுத்துவிட்டால், தீர்ப்பு நடக்கும். தீர்ப்புச் சொன்னவர் மட்டும் எங்கேயும் இருக்க மாட்டார்.

தீர்ப்பு என்று சொல்வது மிகை இல்லை. 2020 பிப்ரவரியிலேயே கோத்தா கினபாலு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் தண்டனை எவ்வளவு என்று பரிந்துரைக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினார்கள். பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் மாஜிஸ்திரேட் கையில்தான். அங்கே நாற்காலி இன்னும் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் பத்து வருஷம் கழித்தும் ‘வேண்டாம்’ என்று சொல்வாரா, இல்லை பழக்கத்தில் தலையாட்டுவாரா என்பதுதான் கேள்வி.

ஹின்டன் பயப்படும் அந்தப் பெரிய ஆபத்து, நம்மைவிடக் கெட்டிக்கார இயந்திரம் நம் கையை மீறிப் போவது, நடக்குமா? அதைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. வருங்காலப் பூதத்தைக் காட்டினால், இன்றைக்கு அத்தை இழந்த எட்டாயிரத்தையும் பள்ளத்தில் வெட்டுகிறவரின் கூலியையும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த எரிச்சலால் ‘அதெல்லாம் படத்துல லா’ என்று சொன்னதும் தப்பு. என் குட்டி நிரல் ஏன் நிழலில் தடுமாறியது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதையும் நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய ஒன்று, தானாகத் திட்டம் போட்டு, இணையத்தில் தானாகக் காரியம் செய்யும்போது, அதன் தவறு எந்தப் பள்ளத்தில் ஒளிந்திருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? பார்த்தாலும், இன்னொரு நிறுவனம் முந்திக்கொள்ளும் என்ற பயத்தில் யார் நிறுத்துவார்கள்? நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நடக்காது என்று சொல்ல எனக்கு இருந்த தைரியம் அந்தப் படங்களைப் பார்த்த நாளோடு போய்விட்டது.

நிழல் பகுதியில் இன்னும் எழுநூறு படம் எடுத்து நிரலை மறுபடி பழக்கினேன். தப்பு குறைந்தது, போகவில்லை. பிறகு ஒரு பொத்தான் சேர்த்தேன். வெட்டியவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை அழுத்தலாம். அந்தக் குலையை ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்லும் வரை கூலியில் பிடிக்கக் கூடாது. என் விரிவுரையாளர் நல்லவர், கோபப்படவில்லை. “ஆளை எடுக்கத்தானே இந்த முறையே, நீ மறுபடியும் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறாயே” என்றார். அது இருந்தால் நிறுவனங்கள் வாங்க மாட்டார்கள் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

இந்தக் கட்டுரையின் முதல் பகுதியை அந்தத் தம்பிக்குப் புலனத்தில் அனுப்பியிருந்தேன், சிரித்ததற்கு மன்னிப்பாக. படித்துவிட்டு மாசி மகத்தன்று தண்ணீர்ப் பந்தலில் வந்து பிடித்துக்கொண்டான். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டான்.

“அண்ணே, அஸ்வத்தாமனுக்கு அந்த மந்திரத்தச் சொல்லிக்கொடுத்தது யாரு?”

“அவன் அப்பா. துரோணர்.”

“மகன் எப்படிப்பட்டவன்னு அவருக்குத் தெரியாதா?”

“தெரியும். மனுஷங்க மேல ஏவக் கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாரு. மகன் கெஞ்சினான், இவரால முடியாதுன்னு சொல்ல முடியல.”

அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. வரிசை நீண்டுகொண்டே போனது. “அப்ப, ஏவினவன மட்டும் திட்டுறாங்களே, ஏன்ணே?” என்று கேட்டுவிட்டு அடுத்த குவளையை எடுத்தான்.

அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பொத்தான் விஷயமாக விரிவுரையாளரை வரும் புதன்கிழமை மறுபடி பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன்.